72 மணி நேரமும் ஒரு வாழைத் தோட்டமும்

புயல், வெள்ளம்னு செய்தி வந்தா சென்னையில இருக்கிற சொந்தக்காரங்க, தெரிஞ்சவங்க போன் பண்ணுவாங்க. முதல்ல "எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" அடுத்தது "இன்சூரன்ஸ் போட்டிருக்கீங்கள்ல?" அக்கறையாத்தான் கேக்குறாங்க, குத்தம் சொல்லல. ஆனா அந்த ரெண்டாவது கேள்விக்கு போன்ல பதில் சொல்லி முடியாது. அதான் இங்க எழுதுறேன்.

ஆரல்வாய்மொழிக்காரனுக்கு காத்து புதுசு இல்ல. கணவாய் வழியா ஆனி, ஆடியில அடிக்கிற மேல்காத்தை நம்பித்தான் முப்பந்தல் பக்கம் அத்தனை காற்றாலை நிக்குது. அதுக்குத் தக்கபடிதான் வாழைக்கு முட்டுக் கொடுப்போம், கயிறு கட்டுவோம். 2017 நவம்பர் 30-ம் தேதி வந்த ஒக்கி அந்தக் கணக்குல வரல. அன்னைக்குக் காலையிலதான் அது புயலாவே மாறிச்சு, அதுக்குள்ள குமரிக்குத் தெற்கே கிட்டத்துல வந்து நின்னுட்டுது. புயல் தெற்கே கடல்ல கிடந்ததால காத்து கிழக்கேயிருந்து அடிச்சது. மேல்காத்துக்குக் கொடுத்த முட்டு கீழ்காத்துக்கு என்ன செய்யும்? குலை தள்ளின ஏத்தன் வாழையெல்லாம் இடுப்போட முறிஞ்சு கிடந்துச்சு. மாவட்டம் முழுக்க ரப்பரும் மின்கம்பமும் அப்படித்தான் சாய்ஞ்சுது. கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவே இல்ல. அதுக்கு முன்னால வாழை ஒரு பேச்சே இல்லதான். ஆனா கரையில இருந்தவன் பாடும் ஒரு பாடுதானே.

இப்ப காப்பீட்டுக்கு வருவோம். 2016-ல வந்த பிரதமர் பயிர் காப்பீட்டுத் திட்டத்துல தனி ஆளோட வயலைப் பாத்து இழப்பீடு கொடுக்கிறதுக்கு ஒரு பட்டியல் இருக்கு: ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் தேங்குறது, மேகவெடிப்பு, மின்னல்ல பிடிக்கிற தீ. சூறைக்காத்து அதுல இல்ல. காத்துல விழுந்த வாழைக்கு ஊரையோ பிர்காவையோ மொத்தமா எடுத்து சராசரி விளைச்சல் பாப்பாங்க. காத்து சராசரியாவா அடிக்குது? மலையடிவாரத்துல என் தோட்டம் தரையோட கிடக்கும், ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவன் தோட்டத்துல இலைகூட கிழிஞ்சிருக்காது. ரெண்டையும் கூட்டி வகுத்தா எனக்கு ஒண்ணும் நஷ்டம் இல்லன்னு வரும்.

சரி, வெள்ளம் பட்டியல்ல இருக்கே? இருக்கு. 72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும். ஒக்கி முடிஞ்சு நாள்கணக்கா கரண்ட் இல்ல. போன் செத்துக் கிடந்துச்சு. அந்தக் கடிகாரம் மட்டும் எந்தக் கரண்ட்ல ஓடுதோ!

நிவாரணம்னு ஒண்ணு தனியா உண்டு. மத்திய அரசோட இப்போதைய பேரிடர் விதிப்படி பயிர் 33 சதவீதமாவது அழிஞ்சிருக்கணும். பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். கேக்க பெரிய தொகையாத் தெரியும். எங்க ஊர்க் கணக்குல பத்து சென்டுக்கு 700 ரூபாய்கூட வராது. உடைஞ்ச வரப்பை வெட்டிப் போட ஒரு ஆள் வந்தா அந்தக் கூலிக்கே அது காணாது. கும்பப்பூவுக்கு நட்ட நாத்து ஐப்பசி, கார்த்திகை மழையில முங்கினா திரும்ப நாத்து வாங்கி நடுற செலவைப் பத்திப் பேசவே வேண்டாம்.

இதையும் பட்டா வச்சிருக்கிறவன்தான் சுலபமா வாங்க முடியும். நாஞ்சில் நாட்டுல உழுறவங்க பலர் பாட்டத்துக்கு எடுத்தவங்க, அதுவும் வாய்ப்பேச்சுல. எழுத்துல கொடுக்க நில உடைமையாளருக்குப் பயம். அடங்கல்ல பேர் ஏறாது. புயல்ல நஷ்டம் ஒருத்தனுக்கு, காகிதம் இன்னொருத்தன் கையில. "எல்லாம் போச்சு மக்கா, பாட்டம் மட்டும் போகல"ன்னு ஒரு அண்ணாச்சி சொன்னார்.

கேக்கிறது பெருசா ஒண்ணும் இல்ல. சூறைக்காத்தை அந்தப் பட்டியல்ல சேர்க்கணும், வாழைக்காவது. 72 மணி நேரத்தை கரண்ட் திரும்பி வந்த நேரத்துலேருந்து எண்ணணும். பாட்டக்காரன் பேரை அந்தப் பருவத்துக்கு மட்டும், நில உரிமையைத் தொடாம, அடங்கல்ல ஏத்த ஒரு வழி வேணும். தேர்தல் நேரத்துல உங்க ஊருக்கு ஓட்டுக் கேட்டு வர்றவங்ககிட்ட இந்த மூணுல ஒண்ணையாவது கேட்டுப் பாருங்க. எங்ககிட்ட வரும்போது அவங்க வாழைக்குலை கட்டின பந்தலுக்குக் கீழதான் நிப்பாங்க.