திரைக்குள் நான்கு சட்டகங்கள்: எம் பிள்ளைகளின் படத்தொகுப்பை நாம் அறிவோமா?

கடந்த ஆண்டு ஓர் இரவு, பதினொரு மணி கடந்தும் கணினியின் முன்னாலிருந்து எழாத என் மகன் மீது சினங்கொண்டு மின்னிணைப்பைப் பிடுங்கிவிட்டேன். அவன் கோபிக்கவில்லை. "அப்பா, நாங்கள் நாலு பேரும் விளையாட்டைப் பதிஞ்சுகொண்டிருந்தனாங்கள். என்ரை பதிவு இனித் திறக்காது" என்று மட்டும் சொன்னான்.

மென்பொருள் துறையில் இருபது ஆண்டுகளாகப் பணியாற்றும் எனக்கு அவன் சொன்னது உடனே விளங்கியது. வழக்கமான எம்பி4 கோப்பின் உள்ளட்டவணை, பதிவு முடியும்போதே எழுதப்படுகிறது. இடையில் மின்சாரம் நின்றால், உள்ளே படம் இருந்தும் கோப்பைத் திறக்க இயலாது. எனக்கு அதுவரை விளங்காதிருந்தது வேறொன்று: அவன் வெறுமனே விளையாடிக்கொண்டிருக்கவில்லை, படமெடுத்துக்கொண்டிருந்தான்.

புலம்பெயர் நாடுகளில் வாழும் பெற்றோரிற் பலர் என்னைப் போன்றே இவ்வேறுபாட்டை அறியாதிருக்கிறோம். அவர்கள் செய்யும் வேலை என்னவென்று முதலிற் பார்ப்போம்.

நான்கு நண்பர்கள் ஒரே விளையாட்டில் இணைகின்றனர். ஒவ்வொருவரும் தத்தம் திரையை ஓபிஎஸ் ஸ்டூடியோ போன்ற கட்டற்ற மென்பொருளாற் பதிவு செய்கின்றனர். நொடிக்கு 50 மெகாபிட் அளவிற் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 22.5 கிகாபைட் தேவை. நால்வருக்கும் சேர்த்து 90 கிகாபைட். பின்னர் 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையை, 960க்கு 540 ஆக நான்கு சட்டகங்களாகப் பிரித்து, நான்கு பதிவுகளையும் ஒன்றாக ஓடவிடுகின்றனர். ஒரு நொடியின் சிறு பகுதி பிசகினாலும் ஒருவர் பேசுவதற்கு முன்பே மற்றவர் சிரிப்பதாகத் தோன்றும். எனவே தொடக்கத்தில் "ஒன்று, இரண்டு, மூன்று" என எண்ணி, அவ்வொலியை அடையாளமாகக் கொண்டு நான்கையும் பொருத்துகின்றனர். நொடிக்கான படங்களின் எண்ணிக்கை நிலையாக இல்லாவிடில் ஒலியும் படமும் மெல்ல மெல்ல விலகும். அதையும் சரிசெய்ய வேண்டும். இறுதியாக, இரண்டு மணி நேரப் பதிவு எட்டு நிமிடங்களாகச் சுருங்குகிறது. எதை வைப்பது, எதை வெட்டுவது, எந்தச் சட்டகத்தை எப்போது பெரிதாக்குவது என்பன யாவும் ஒரு படத்தொகுப்பாளரின் முடிவுகளே.

இக்கலை புதியதன்று. 1996இல் வெளிவந்த 'குவேக்' விளையாட்டு, ஆட்டத்தைப் படமாக அன்றி, நிகழ்வுகளின் பதிவாகச் சேமிக்கும் வசதியைக் கொண்டிருந்தது. அதைப் பயன்படுத்தி அவ்வாண்டே இரண்டு நிமிடங்களுக்கும் குறைவான 'டயரி ஆஃப் எ கேம்பர்' என்னும் குறும்படத்தை ஆட்டக்காரர் சிலர் உருவாக்கினர். இயந்திரம், சினிமா ஆகிய சொற்களை இணைத்து இம்முயற்சிகளுக்கு 'மஷினிமா' என்ற பெயர் பின்னர் வழங்கலாயிற்று.

புலம்பெயர்ந்த எமக்கு இவற்றுள் முக்கியமானது 2005இல் பிரான்சில் உருவான ஒரு படம். அவ்வாண்டு ஒக்ரோபர் 27ஆம் நாள், பாரிசின் புறநகரான கிளிஷி-சூ-புவாவில், காவல்துறைக்கு அஞ்சி மின் துணைநிலையமொன்றில் ஒளிந்த பதின்ம வயதினர் இருவர் மின்சாரம் தாக்கி உயிரிழந்தனர். குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளான அவர்களின் சாவைத் தொடர்ந்து மூன்று வாரங்கள் நாடெங்கும் கலவரம் மூண்டது. ஊடகங்கள் எரியும் வாகனங்களைக் காட்டின. அலெக்ஸ் சான் என்னும் இளைஞர், சீனக் குடியேறிகளின் மகன், திரைப்படம் எடுத்த அனுபவம் எதுவுமற்றவர், 'த மூவீஸ்' என்னும் விளையாட்டைக் கொண்டு 'த ஃபிரெஞ்ச் டெமோகிரசி' என்ற 13 நிமிடப் படத்தை நவம்பர் மாதமே வெளியிட்டார். அந்த விளையாட்டிற் பாரிஸ் நகரம் இல்லை. நியூயோர்க்கின் சுரங்கத் தொடருந்தே பாரிசினதாக நின்றது. ஆயினும் பாகுபாட்டினால் நெருக்கப்படும் இளைஞர்களின் பக்கத்தை உலகம் அதில் கண்டது. பெரிய ஊடகங்களும் அதைப் பற்றி எழுதின. அதே பாரிஸ் புறநகர்களில் எம்மவர் குடும்பங்களும் பெருமளவில் வாழ்கின்றன என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இதனால், இரவு முழுவதும் விளையாடும் பிள்ளைகள் அனைவரும் கலைஞர்கள் என்று வாதிட வரவில்லை. உறக்கமும் பாடமும் கெடுமானால் தடுக்க வேண்டியது பெற்றோரின் கடமையே. ஐந்து மணி நேர ஆட்டத்தை அப்படியே பதிவேற்றுவது படைப்பும் அன்று. வேறுபடுத்தி அறிய ஓர் எளிய வழி உண்டு. "இதில் எதை வெட்டினாய்? ஏன் வெட்டினாய்?" என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்த பிள்ளை சிந்திக்கிறது. அச்சிந்தனைக்கு நேரம் ஒதுக்கிக் கொடுங்கள்.

இளையோருக்கும் சில சொற்கள். எம்கேவி வகையிற் பதியுங்கள். அப்பா மின்னிணைப்பைப் பிடுங்கினாலும் அதுவரை பதிந்தது எஞ்சும். ஒவ்வொருவர் குரலையும் தனித்தனி ஒலித்தடத்திற் பதியுங்கள். நண்பரின் குரலை அவர் சம்மதமின்றி வெளியிடாதீர்கள். விளையாட்டின் உரிமை அதை ஆக்கிய நிறுவனத்துக்கு உரியது. மைக்ரோசொஃப்ட் 2007இலேயே தன் விளையாட்டுகளின் காட்சிகளை இலாப நோக்கின்றிப் பயன்படுத்துவதற்கான விதிகளை வெளியிட்டது. நீங்கள் பயன்படுத்தும் விளையாட்டின் விதிகளை முதலில் வாசியுங்கள்.

எமது தமிழ்ப் பாடசாலைகளிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாக்களில் பேச்சுப் போட்டியும் நடனமும் உண்டு. அவற்றோடு, தமிழில் விவரணையுடன் மூன்று நிமிட விளையாட்டுப் படப் போட்டியொன்றையும் சேர்க்கலாகாதா? ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், ஒஸ்லோ ஆகிய நகரங்களில் வாழும் நான்கு பேரப்பிள்ளைகள், தாம் ஒருபோதும் கண்டிராத அம்மம்மாவின் நாற்சார் வீட்டை 'மைன்கிராஃப்ட்' விளையாட்டிற் கட்டட்டும். முற்றம் எங்கே, கிணறு எங்கே, அடுக்களை எந்தப் பக்கம் என்று அம்மம்மாவே தொலைபேசியிற் சொல்லட்டும். நான்கு பேரின் திரைகளும் நான்கு சட்டகங்களில் ஓட, அவர் குரலே விவரணையாகட்டும். அந்த வீடு இன்று மண்ணில் இல்லாதிருக்கலாம். அதன் அளவும் அமைப்பும் அவரது நினைவில் மட்டுமே எஞ்சியிருக்கலாம். அவர் இருக்கும்போதே அதைக் கேட்டுப் பதியாவிடில், பின்னர் எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது.

அன்றிரவு என் மகனின் சட்டகம் இல்லாமலே அப்படத்தை முடித்தார்கள். மூன்று காட்சிகளும் ஒரு கறுப்புக் கட்டமும். அதைப் பார்க்கும்போதெல்லாம் வெட்கமே மேலிடுகிறது. பெற்றோரே, பிடுங்குமுன் ஒருமுறை அருகில் அமர்ந்து பாருங்கள்.