இரைச்சல் போடாத லேப்டாப்

லேப்டாப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் பிராசஸர், ராம், திரை, பேட்டரி என்று எல்லா விவரமும் இருக்கும். 7 மெகாஹெர்ட்ஸில் அது எவ்வளவு இரைச்சல் கிளப்பும் என்பது மட்டும் இருக்காது. எஸ்டிஆர் வைத்து ஹாம் நிலையம் நடத்துகிறவருக்கு முதலில் தெரியவேண்டியது அதுதான். நம் நண்பர்களோ கடைக்குக் கிளம்பும்போது “ஐ5 போதுமா, ஐ7 வாங்கட்டுமா” என்றுதான் கேட்கிறார்கள்.

அந்தக் கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஆர்டிஎல் டாங்கிள் நொடிக்கு 24 லட்சம் சாம்பிள் எடுக்கிறது. ஐ ஒரு பைட், க்யூ ஒரு பைட். ஆக நொடிக்கு 4.8 மெகாபைட். பழைய லேப்டாப்பே இதை அலட்டிக்கொள்ளாமல் வாங்கிக்கொள்ளும். ஹேக்ஆர்எஃப் தன் முழு வேகத்தில், 2 கோடி சாம்பிளில் ஓடினால் நொடிக்கு 40 மெகாபைட் வரும்; யுஎஸ்பி 2.0 அங்கேதான் திணறத் தொடங்கும். ஆனால் நமக்கு அனுமதிக்கப்பட்ட 40 மீட்டர் பட்டை முழுவதுமே 200 கிலோஹெர்ட்ஸ்தான். எட்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ராம் இருந்தால் எஸ்டிஆர் மென்பொருள், டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ், லாக், பிரவுசர் நான்கும் சேர்ந்து ஓடும். பட்டையை அப்படியே பதிவுசெய்து வைக்கும் பழக்கம் உள்ளவர்கள் பெரிய எஸ்எஸ்டி வாங்கவேண்டும்: 24 லட்சம் சாம்பிளை 16 பிட்டில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 35 ஜிபி போய்விடும்.

வேகத்தைவிடத் தடங்கலில்லாத ஓட்டம் முக்கியம். வைஃபை டிரைவர் ஒரு கணம் பிராசஸரைப் பிடித்துக்கொண்டால் ஒலி டிக் டிக் என்று அறுபடும். இதற்கு ஐ7 மருந்தல்ல. யுஎஸ்பியைத் தூங்கவைக்கும் மின்சேமிப்பு அமைப்பை அணைத்துவிட்டு, லேட்டன்சிமான் என்ற மென்பொருளைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பாருங்கள், எந்த டிரைவர் குற்றவாளி என்று அதுவே சொல்லிவிடும். எஃப்டி8-இல் ஒரு முறை 15 நொடி, அதில் அலைபரப்பு 12.64 நொடி. மிச்சமுள்ள இரண்டு நொடிச் சொச்சத்தில் டிகோட் முடிந்து, பதிலும் தயாராகவேண்டும். சூடேறியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் மெல்லிய லேப்டாப்புகள் மே மாத மதியத்தில் இங்கேதான் காலை வாரும்.

இனி இரைச்சல். முதல் குற்றவாளி சார்ஜர். அதிலுள்ள ஸ்விட்சிங் சுற்று, பட்டை நெடுக ஒரே இடைவெளியில் வாட்டர்ஃபாலில் கோடு கோடாக இழுத்துவிடும். இரண்டு முள் பிளக் உள்ள சார்ஜரானாலும், மூன்று முள் இருந்தும் வீட்டில் எர்த் சரியில்லை என்றாலும், சார்ஜருக்குள் இருக்கும் ஒய்-கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் மின்சாரத்துக்குப் போக்கிடம் கிடையாது. உலோக உடல் லேப்டாப்பில் கை வைத்தால் ‘சுர்’ரென்று கூசுவது அதனால்தான். அதே பாதையில் வரும் இரைச்சல் யுஎஸ்பி கேபிளின் மேலுறை வழியாக எஸ்டிஆருக்குள் நுழைந்து, கோஆக்ஸ் கேபிளின் வெளிப்புறத்தில் ஏறி, ஆன்டெனா வரை போய்விடுகிறது.

இதன் விலை என்ன? இரைச்சல் எஸ்3-இலிருந்து எஸ்6-க்கு ஏறினால் 18 டெசிபல். எதிர்முனையில் 100 வாட்டில் கூப்பிடுகிறவர் 1.6 வாட்டில் கூப்பிடுவதற்குச் சமம். இந்த இழப்பை எந்த பிராசஸரும் மீட்டுத்தராது.

யுஎஸ்பி கேபிளிலும் சார்ஜர் ஒயரிலும் 31 ரக ஃபெரைட் வளையத்தைப் போடுங்கள். ஒரே ஒரு தடவை நுழைத்துவிட்டால் எச்எஃப்பில் பெரிதாகப் பயனில்லை. சுற்று கூடக் கூட மின்தடுப்பு அதன் வர்க்கமாக ஏறும், ஆகவே இடம் உள்ள மட்டும் சுற்றவேண்டும். ஹெர்மிஸ்-லைட் 2 போல ஈதர்நெட்டில் பேசும் எஸ்டிஆர் வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள். ஈதர்நெட் துளையிலேயே தனிமைப்படுத்தும் டிரான்ஸ்பார்மர் இருக்கிறது. மேலுறையில்லாத சாதாரண கேபிளைப் போட்டால் லேப்டாப்பின் உடலும் ரேடியோவின் உடலும் நேரடியாகச் சேராது. அந்தத் துளையே இல்லாத மெல்லிய லேப்டாப்பை அழகுக்காக வாங்காதீர்கள் என்பது எங்கள் கட்சி.

புயல் காலத்துக்கும் களப்பயிற்சிக்கும் வாங்குகிறவர்கள் இன்னொன்றை யோசிக்கவேண்டும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து லேப்டாப்புக்கு வேண்டிய 19, 20 வோல்ட்டை எடுக்கும் கன்வெர்ட்டரும் ஸ்விட்சிங் சுற்றுதான். பேட்டரியில் ஓடுகிறது, ஆகவே இரைச்சல் இருக்காது என்ற நம்பிக்கை அங்கே உடையும். கழற்றி மாற்றக்கூடிய பேட்டரி உள்ள லேப்டாப்பென்றால் கன்வெர்ட்டரே வேண்டாம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத ஏழாம் தலைமுறை இன்டெல் லேப்டாப் மலிவாகக் கிடைத்தால் லினக்ஸ் போட்டுக்கொள்ளலாம். எஸ்டிஆர்++, ஜிக்யூஆர்எக்ஸ், டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மூன்றும் அதில் ஓடும். தீட்டிஸ் வேண்டுமென்பவர்களுக்கு விண்டோஸ்தான் கதி. ஸ்னாப்டிராகன் சில்லு உள்ள புது லேப்டாப் என்றால், உங்கள் ரேடியோவுக்கு ஆர்ம் டிரைவர் இருக்கிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

எங்கள் தேர்வு, அலுவலகங்கள் கழித்துவிட்ட திங்க்பேட் டி480 போன்றது. ஈதர்நெட் துளை உண்டு, வெளி பேட்டரியைக் கழற்றி மாற்றலாம், விண்டோஸ் 11-உம் ஏற்கும். சென்னை ரிச்சி தெருவுக்குப் போனால் பையில் ஒரு சிற்றலை டிரான்சிஸ்டரும் இருக்கட்டும். 7 மெகாஹெர்ட்ஸில் காலியான இடத்தில் நிறுத்தி, லேப்டாப்பின் அருகே கொண்டுபோய், சார்ஜரைச் செருகியும் பிடுங்கியும் கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிதான் பார்ப்பார், பார்க்கட்டும். மிச்சமாகும் பணம் ஃபெரைட்டுக்கும் நல்ல கோஆக்ஸுக்கும் போகட்டும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆன்டெனாவை இணைத்து, 7.1 மெகாஹெர்ட்ஸை ஒட்டி யாரும் பேசாத இடத்தில், 2.4 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், சார்ஜரோடு ஒரு அளவும் சார்ஜர் இல்லாமல் ஒரு அளவும் எடுத்து அனுப்புங்கள். வருவதையெல்லாம் தொகுத்து அட்டவணையாக வெளியிடுகிறோம். லேப்டாப் மாடலோடு சார்ஜரின் மாடல் எண்ணையும் மறக்காமல் எழுதுங்கள். சார்ஜர் மாறினால் அளவும் மாறும்.