17,500 ரூபாயும் ஓர் ஐஐடி இடமும்

2024 ஜூன் 24. உத்தரப்பிரதேச மாநிலம் முசாஃபர்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்கு தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் பயில இடம் கிடைத்திருந்தது. அதனை ஏற்பதற்கான கட்டணம் 17,500 ரூபாய்; மாலை 5 மணிக்குள் இணையவழியில் செலுத்தியாக வேண்டும். ஊராரிடம் பணம் திரட்டி முடித்தபோது கெடு முடியச் சில நிமிடங்களே இருந்தன. கட்டணம் உரிய நேரத்தில் போய்ச் சேரவில்லை, இடம் பறிபோனது. உச்சநீதிமன்றம் செப்டம்பர் 30 அன்று அரசியல் சாசனத்தின் 142ஆவது பிரிவைப் பயன்படுத்தி உத்தரவிட்ட பிறகே அந்தத் தலித் மாணவரால் ஐஐடிக்குள் நுழைய முடிந்தது.

உச்சநீதிமன்றம் வரை செல்ல இயலாதவர்களின் நிலை என்ன?

தாமே விரும்பி ஐஐடி இடத்தை விட்டுவிடுவோரும் உண்டு. கணினி அறிவியல் கிடைத்தால் என்ஐடியே போதும் என்போரும், அடிப்படை அறிவியலுக்காக பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தைத் தேர்வு செய்வோரும் இருக்கின்றனர். அது அவர்களது உரிமை. ஆனால் பணமின்றி இடத்தை இழப்பவரையும் அதே கணக்கில் சேர்ப்பது அநீதி.

ஆட்சியாளர்கள் இதைத்தான் செய்கின்றனர். 2023 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த விவரப்படி, ஐந்தாண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐஐடி, ஐஐஎம்களிலிருந்து இடைவிலகிய ஓபிசி, எஸ்சி, எஸ்டி மாணவர்கள் 13,626 பேர். இவர்களில் 3,542 பேர் ஐஐடி மாணவர்கள். பல வாய்ப்புகள் இருப்பதால் மாணவர்கள் மாறிச் செல்கின்றனர் என்பதே அரசு தந்த விளக்கம்.

2016இல் ஐஐடி இளநிலைக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 90,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. எஸ்சி, எஸ்டி மாணவர்களுக்கும், ஆண்டு வருமானம் 1 லட்சம் ரூபாய்க்குக் குறைவான குடும்பத்தினருக்கும் இதில் முழு விலக்கு உண்டு என்பது உண்மையே. எனினும் உணவு உள்ளிட்ட பிற செலவுகள் அதில் அடங்கா. அந்த விலக்கும் உள்ளே நுழைந்தவர்களுக்குத்தான். வாயிலிலேயே ரொக்கம் கேட்டால் அது யாருக்குப் பயன்படும்? அதே ஆண்டில் உயர்கல்வி நிறுவனங்களின் கட்டமைப்புக்கு மானியத்திற்குப் பதிலாகக் கடன் வழங்கும் ஏற்பாட்டையும் மோடி அரசு கொண்டுவந்தது. கடனில் நடக்கும் நிறுவனம், இறுதியில் மாணவரிடம்தான் கைநீட்டும்.

ஏழை மாணவர்களிடம் சேர்க்கையின்போது முன்பணம் கோருவது கைவிடப்பட வேண்டும். இடத்தை ரத்து செய்யும் முன் மாணவரைத் தொடர்புகொண்டு காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும்; அவ்விவரங்களைச் சமூகப் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கடனுக்குப் பதிலாக அரசே உயர்கல்விக்கு நிதி ஒதுக்க வேண்டும். இக்கோரிக்கைகளைக் கல்வி வளாகங்களுக்குள் மட்டுமின்றி, ஊர் கூடிப் பணம் திரட்டிய அத்தகைய கிராமங்களுக்கும் நாம் கொண்டு செல்ல வேண்டும்.