தார்ப்பாய், காற்று, டிரைவர் சம்பளம்



போன எபிசோடைக் கேட்டுவிட்டு ஒருவர் அனுப்பிய கேள்வி இது: "சின்ன பிக்கப் வண்டியோட பின்பக்கத்தை மூடிட்டா மைலேஜ் கூடுமா?" நிகழ்ச்சியில் இரண்டு நிமிஷத்தில் கடந்து போய்விட்டோம். என்னால் அப்படிக் கடக்க முடியலை. இந்தக் கேள்வியைக் கேட்காமலே ஒரு டாஷ்போர்டு செய்து கொடுத்து, ஒரு டிரைவருக்கு இரண்டு மாத இன்சென்டிவ் போக நான் காரணமாக இருந்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிடறேன். மூடி போட்டால் மைலேஜ் கூடும் என்பது வேகமான சாலையில் கொஞ்சம் உண்மை, ஊருக்குள் கிட்டத்தட்ட பொய். வண்டி எந்த வேகத்தில், எந்த உருவத்தில் ஓடுகிறது என்று பார்க்காமல் 'லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்' என்ற ஒற்றை எண்ணை வைத்து டிரைவரை மதிப்பிடுவது அநியாயம்.

நான் அப்போது யாங்கூனில், லைங் தாயாவில் ஒரு கான்ட்ராக்டில் இருந்தேன். லைங் ஆற்றுக்கு மேற்கே, தொழிற்பேட்டைகளும் ஆடைத் தொழிற்சாலைகளும் நெருக்கியடித்த பகுதி அது. 2014 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த ஒரு டவுன்ஷிப்பில் மட்டும் சுமார் 6.9 லட்சம் பேர். காலையில் பயின்னவுங் பாலத்தைப் பார்த்தால் நம்ம ஊர் கத்திப்பாரா எவ்வளவோ தேவலை என்று தோன்றும். தொழிற்சாலைகளுக்குச் சரக்கு எடுத்துப் போகும் ஒரு சின்ன நிறுவனத்துக்கு ஆறு பிக்கப்புகள் இருந்தன. எல்லாம் சுசுகி கேரி சைஸ், நம்ம ஊர்க் குட்டியானைக்குப் பங்காளி. ஜிபிஎஸ் தகவலையும் பெட்ரோல் பில்லையும் சேர்த்து, எந்த வண்டி எவ்வளவு குடிக்கிறது என்று காட்டுவது என் வேலை.

நான் கூடுதலாக ஒன்று செய்தேன். மைலேஜ் வரிசைப்படி ஆறு டிரைவர்களையும் அடுக்கி, கடைசி வரிக்குச் சிவப்பு அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. மேனேஜருக்கு ரொம்பப் பிடித்துப் போனது. அடுத்த மாதமே சிவப்பு வரிக்காரருக்கு இன்சென்டிவ் கட். அதற்கடுத்த மாதமும் அவரேதான் கடைசி, மறுபடியும் கட். பெட்ரோலைத் திருடி விற்கிறார் என்றுகூட ஆபீஸில் பேச்சு வந்தது.

அவர் பெகு பக்கத்துத் தமிழர், ஐம்பது வயதுக்கு மேல். தாத்தா காலத்திலிருந்து அங்கேதான். பர்மியமும் தமிழும் கலந்து பேசுவார். ஒருநாள் டீக்கடையில் எதிரே வந்து உட்கார்ந்தார். சண்டை போட வரலை. "தம்பி, உங்க கம்ப்யூட்டர்ல காத்து தெரியுமா?" என்று கேட்டார். எனக்குப் புரியலை. "என் வண்டியை ஒருநாளாச்சும் வந்து பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். மற்ற ஐந்து வண்டிகளும் திறந்த பின்பக்கம், சரக்கின் மேல் தாழ்வாகக் கட்டிய தார்ப்பாய். பாலத்தைத் தாண்டி பயின்னவுங் மார்க்கெட், அங்கிருந்து திரும்பி தொழிற்பேட்டை, அவ்வளவுதான் ஓட்டம். இவர் வண்டியில் மட்டும் கேபினைவிட ஏறக்குறைய இரண்டரை அடி உயரமாக ஓர் இரும்புக் கூண்டு, அதன்மேல் தார்ப்பாய். யாங்கூனில் பல காலம் ஆட்களை ஏற்றிப் போன 'லைன் கார்' பிக்கப்புகளின் அதே உருவம். இவருடைய ரூட் பத்தேன் சாலையில் ஞவுங்டோன் வரை. எடை குறைவான, இடத்தை அடைக்கும் சரக்கு என்பதால் கூண்டு. காலியாகத் திரும்பும்போதும் கூண்டு அப்படியே மேலேதான் நிற்கும்.

இதெல்லாம் என் டேட்டாபேஸில் இல்லை. வண்டி எண், டிரைவர் பெயர், கிலோமீட்டர், லிட்டர் என்று நான்கே காலம்கள்தான் வைத்திருந்தேன்.

சரி, காற்று என்ன செய்கிறது? ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பாதி லோடோடு வண்டி 1,500 கிலோ என்று வையுங்கள். டயர் உருளும்போது வரும் எதிர்ப்பு சுமார் 175 நியூட்டன். வேகம் மாறினாலும் இது பெரிதாக மாறாது. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். இழுவைக் கெழு 0.5, முகப்புப் பரப்பு 2.4 சதுர மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், மணிக்கு 30 கி.மீ.யில் 50 நியூட்டன், 60-ல் 200, 90-ல் 450. அதாவது 60 பக்கம் வரும்போது காற்று டயரை முந்திவிடுகிறது. அதற்குக் கீழே டயரும், எடையும், பிரேக்கும், சிக்னலில் சும்மா உறுமும் எஞ்சினும்தான் பெட்ரோலைக் குடிக்கின்றன.

இப்போது திறந்த பின்பக்கத்துக்கு வருவோம். கேபினைத் தாண்டி வரும் காற்று பின்கதவில் போய் நேராக முட்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். அதனால்தான் பின்கதவைத் தொங்கவிட்டு ஓட்டினால் மைலேஜ் வரும் என்று பலர் சொல்றாங்க. ஆனால் கேபினின் பின்விளிம்பில் காற்று பிரிந்து, பெட்டிக்குள் ஒரு சுழலாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே ஓடும் காற்றுக்கு அந்தச் சுழலே ஒரு மூடி மாதிரி. பின்கதவைத் திறந்தால் அந்த அமைப்பு கலைந்துவிடும். கனடாவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலைச் சேர்ந்த கெவின் கூப்பர் 2004-ல் இதைப் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரையின் தலைப்பிலேயே பின்கதவை மூடி வையுங்கள் என்று சொல்லிவிட்டார். 'மித்பஸ்டர்ஸ்' டிவி நிகழ்ச்சி இரண்டு பிக்கப்புகளை ஓட்டிப் பார்த்தபோதும் பின்கதவை மூடிய வண்டிதான் அதிக தூரம் போனது.

தட்டையான மூடி அந்தச் சுழலின் வேலையை இன்னும் ஒழுங்காகச் செய்யும். காற்றின் எதிர்ப்பு சில சதவீதம் குறையும். 5 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். 90 கி.மீ. வேகத்தில் மிச்சம் 22 நியூட்டன். மோசமில்லை, மொத்த எதிர்ப்பில் மூன்றரை சதவீதம். 30 கி.மீ. வேகத்தில் மிச்சம் இரண்டரை நியூட்டன்தான். கெட்டியான ஃபைபர் மூடி 30 கிலோ இருந்தால், அந்த எடையை உருட்டவே மூன்றரை நியூட்டன் வேண்டும். லாபத்தை மூடியே தின்றுவிடும். நின்று நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் அந்த 30 கிலோவைத் தள்ளும் செலவு தனி.

கூண்டின் கதை நேர் எதிர். கேபினுக்கு மேலே நீட்டி நிற்பதெல்லாம் புதிதாகக் காற்றில் முட்டும் சுவர். கார் கூரையில் வைக்கும் பெட்டிக்கே ஊருக்குள் 2 முதல் 8 சதவீதமும், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதமும் மைலேஜ் குறையும் என்கிறது அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கன வழிகாட்டி. இவர் வண்டியில் இருந்தது அதைவிடப் பெரிய சுவர். போதாததற்கு, இழுத்துக் கட்டாத தார்ப்பாய் படபடவென்று அடித்துக்கொள்வதற்கும் பெட்ரோல்தான் செலவு.

கணக்கு போதாது, ஓட்டிப் பார்க்கணும். சரக்கு குறைவான ஆறு நாட்களைத் தேர்ந்தெடுத்தோம். மூன்று நாள் கூண்டோடு. மூன்று நாள் கூண்டைக் கழற்றி, சரக்கைக் கேபின் உயரத்துக்குள் கட்டி. அதே டிரைவர், அதே ரூட், அதே டயர் பிரஷர், தினமும் அதே பங்கில் டேங்க் ஃபுல். கூண்டோடு லிட்டருக்கு 9 கி.மீ. சொச்சம் வந்தது. கூண்டு இல்லாமல் 11-ஐத் தொட்டது. ஆறு நாள் ஓட்டம் ஆய்வுக்கூடச் சோதனை ஆகாது, ஒத்துக்கறேன். ஆனால் சிவப்பு வரியில் இருந்தவர் கூண்டை இறக்கியதும் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டார். எதிர்க்காற்றில் மிதமாக ஓட்டி, உள்ளதிலேயே நன்றாகப் பெட்ரோலை மிச்சம் பிடித்தவர் அவர்தான்.

மேனேஜரிடம் காட்டினேன். அவர் எடுத்துக்கொண்ட பாடம் வேறு. "அப்போ காத்துதான் பிரச்சினை. ஆறு வண்டிக்கும் ஃபைபர் மூடி போட்டுடலாம்" என்றார். பாலத்து நெரிசலில் ஊர்ந்து போகும் ஐந்து வண்டிகளுக்கு அது வெட்டிச் செலவு என்று இன்னொரு நாள் முழுக்க விளக்க வேண்டியிருந்தது. யாங்கூனில் மே முதல் அக்டோபர் வரை மழை கொட்டும். துணி மூட்டை நனையாமல் இருக்க மூடி வேண்டும், மறுக்கலை. மழைக்கு என்று சொல்லி வாங்குங்கள், அதற்கு நல்ல தார்ப்பாயே போதும். மைலேஜ் வரும் என்று நினைத்து வாங்கிவிட்டு, அடுத்த மாதம் மைலேஜ் ஏறவில்லையே என்று மறுபடி டிரைவரைப் பிடிக்காதீர்கள். இதைத்தான் சொன்னேன்.

கடைசியில் செய்தது ரொம்பச் சாதாரணம். கூண்டின் கம்பிகளில் போல்ட் வைத்து, காலியாகத் திரும்பும்போது மடக்கிக் கீழே படுக்க வைக்கிற மாதிரி ஒரு வெல்டிங் பட்டறையில் மாற்றினோம். தார்ப்பாயை இழுத்துக் கட்டக் கூடுதல் கொக்கிகள் போட்டோம். டயர் பிரஷரை வாரம் ஒருமுறை பார்க்க ஏற்பாடு ஆனது. டாஷ்போர்டில் ரூட், சராசரி வேகம், கூண்டு இருக்கா இல்லையா, லோடு எவ்வளவு என்று நான்கு காலம்கள் சேர்த்தேன். டிரைவர் வரிசைப் பட்டியலை நீக்கிவிட்டு, ஒவ்வொரு வண்டியையும் அதே ரூட்டில் அதனுடைய பழைய ஓட்டத்தோடு மட்டும் ஒப்பிட்டேன்.

இன்சென்டிவ்? ஒரு மாதத்தது திரும்பி வந்தது. முதல் மாதத்தது 'கணக்கு முடிஞ்சிடுச்சு' என்று வரவே இல்லை. நான் கொடுக்கிறேன் என்றபோது அண்ணன் வாங்க மறுத்துவிட்டார். "பணம் கிடக்கட்டும் தம்பி. திருடன்னு சொன்னாங்கல்ல, அதை யார் திருப்பி எடுப்பா?" என்றார். என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை.

நம்மில் பலர் இந்த மாதிரி டாஷ்போர்டுகள் செய்கிறோம். சென்னையில் டெலிவரி வண்டி, கோயம்புத்தூரில் பால் வண்டி, திருப்பூரில் துணி வண்டி, எங்கே போனாலும் கஸ்டமர் கேட்பது ஒரே கேள்விதான்: "யார் அதிகமா பெட்ரோல் போடறாங்க?" அந்தக் கேள்விக்குக் குவெரி எழுதும் முன்னால் ஒருநாள் வண்டியில் ஏறி உட்கார்ந்து போய்ப் பாருங்க. உயரம் என்ன, வேகம் என்ன, எங்கே நிற்குது என்று குறித்துக்கொள்ளுங்கள். அது பில்லில் வராத வேலைதான், ஆனாலும் செய்யுங்கள். நாம் கலர் அடிக்கும் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒருத்தர் வீட்டு அரிசி இருக்கு.

கேள்வி கேட்ட நண்பருக்கு என் பதில்: நீங்கள் பெரும்பாலும் பைபாஸில் 80, 90-ல் போகிறவர் என்றால், எடை குறைவான தட்டை மூடி போடுங்கள், கொஞ்சம் மிச்சமாகும். ஊருக்குள் ஓட்டம் என்றால் அந்தக் காசில் டயரைக் கவனியுங்கள். பின்கதவை மூடியே வையுங்கள். கேபினுக்கு மேலே எதுவும் வேண்டாம், வேண்டியிருந்தால் காலியாகத் திரும்பும்போது இறக்கிவிடுங்கள்.

உங்கள் வண்டியில் அளந்து பார்த்தவர்கள் இந்த மடலுக்கே ரிப்ளை போடுங்க. ரூட்டையும் வேகத்தையும் சேர்த்து எழுதுங்க, வெறும் மைலேஜ் எண் மட்டும் வேண்டாம். அடுத்த மடலில் பார்ப்போம்.