பத்தொன்பது வயதின் தோளில்



வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, மார்பில் கறுப்பு நிறப் பெயர்ப் பட்டை. இருவர் இருவராக நடந்தோ சைக்கிளிலோ வருவார்கள். உலகின் பல நகரங்களில் கதவைத் தட்டும் இந்த இளைஞர்களை மார்மன்கள் என்று சொன்னால் பலருக்கும் தெரியும். 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்ற முழுப் பெயரால் அழைக்கப்படுவதையே அவர்கள் விரும்புகிறார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியில் தலைமையகம். இன்று ஊழியத்தில் இருப்பவர்கள் 70 ஆயிரத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டியவர்கள்.

வீடுவீடாகப் போய் மதம் பேசுவது சரியா என்ற கேள்வி உங்களில் பலருக்கு எழும். நியாயமான கேள்விதான். நான் அந்தச் சபையைச் சேர்ந்தவனும் இல்லை. ஆனாலும் இளைஞர்களைப் பற்றிய இந்த இதழைத் தொகுத்தபோது, மனம் திரும்பத் திரும்ப அந்தப் பிள்ளைகளிடமே போய் நின்றது. அந்த வயதில் அவ்வளவு பெரிய பொறுப்பை ஏற்பவர்களின் மனம் எப்படியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

ஊழியத்துக்கு அனுப்புவதே ஒரு சடங்குபோல நடக்கிறது. விண்ணப்பிக்கலாம், எந்த நாடு, எந்த மொழி என்று கேட்க முடியாது. சபையின் அப்போஸ்தலர்களில் ஒருவர் அதை முடிவுசெய்வார். முன்பெல்லாம் தபாலில் வரும் உறையை உற்றார் உறவினர் சூழ்ந்திருக்கப் பிரிப்பார்கள். 2018க்குப் பிறகு இணையத்தில் வருகிறது, ஆனால் கூடியிருந்து படிக்கும் வழக்கம் போகவில்லை. பெருவாக இருக்கலாம், தைவானாக இருக்கலாம், பக்கத்து மாநிலமாகவும் இருக்கலாம். ஆண்களுக்கு 24 மாதம், பெண்களுக்கு 18 மாதம். சம்பளம் கிடையாது, செலவு அவரவர் குடும்பத்துடையது. அமெரிக்கக் குடும்பங்கள் 2020 முதல் மாதம் 500 டாலர் கட்டுகின்றன. பிள்ளை எந்த நாட்டில் இருந்தாலும் அதே தொகைதான். இதற்கென்று சின்ன வயதிலிருந்தே காசு சேர்க்கும் பிள்ளைகள் உண்டு.

2012 அக்டோபரில் அப்போதைய தலைவர் தாமஸ் மான்சன், ஆண்கள் 18 வயதிலும் பெண்கள் 19 வயதிலும் போகலாம் என்று அறிவித்தார். அதுவரை ஆண்களுக்கு 19, பெண்களுக்கு 21. சுமார் 58 ஆயிரமாக இருந்த ஊழியக்காரர் எண்ணிக்கை ஓராண்டுக்குள் 80 ஆயிரத்தைத் தாண்டியது. பெண்பிள்ளைகள் பெருந்திரளாக விண்ணப்பித்ததை நான் மகிழ்ச்சியோடு கவனிக்கிறேன். ஆணுக்கு இது கடமை, பெண்ணுக்கு விருப்பம் என்பதுதான் அங்குள்ள நிலை. கடமை இல்லாத இடத்திலும் அவர்கள் முன்வந்திருக்கிறார்கள்.

ப்ரோவோ நகரத்துப் பயிற்சி மையத்திலோ வேறு நாட்டு மையத்திலோ சில வாரங்கள் தங்கிப் படித்த பிறகு களம். காலை ஆறரைக்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, வேதப் படிப்பு, மொழிப் படிப்பு, பிறகு தெரு. இரவு பத்தரைக்கு விளக்கணைப்பு. சினிமா கிடையாது, காதல் கிடையாது. வாரத்தில் ஒரு நாள் துணி துவைக்க, சாமான் வாங்க, வீட்டுக்கு எழுத. பெயர்ப் பட்டையில் குடும்பப் பெயர் மட்டுமே இருக்கும். அதற்கு முன்னால் எல்டர் அல்லது சிஸ்டர். அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட அநேகமாக ஆளே இருக்காது. அந்த அம்மாவோடு பேசுவதும் முன்பெல்லாம் ஆண்டுக்கு இரண்டே முறை, கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும். 2019 பிப்ரவரியில்தான் வாரம் ஒருமுறை பேசலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். இவ்வளவு காலம் ஏன் காத்திருந்தார்கள் என்று எனக்கு வருத்தம்தான்.

கூடவே எந்நேரமும் ஒரு துணை. அவரைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது. குளியலறை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அவர் கண்ணில் படும் தொலைவில் இருக்க வேண்டும். முன்பின் தெரியாத, ஒத்துவராத ஒருவரோடு ஒரே அறையில் வாழ்ந்து, அவருக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்து, கோபம் வந்தாலும் எழுந்து போக முடியாமல் பேசித் தீர்த்துக்கொள்வது. போதிக்கப் போனவர் உண்மையில் கற்றுக்கொள்வது இங்கேதான் என்பது என் எண்ணம்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். சபையின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் தமக்கு முதல் தரிசனம் கிடைத்ததாகச் சொன்னபோது அவருக்கு வயது 14. 1830 ஏப்ரலில் சபையைத் தொடங்கியபோது 24. அந்தக் கோடையில் சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தின் பிரதிகளைச் சுமந்து முதல் ஊழியக்காரராகக் கிளம்பிய தம்பி சாமுவேலுக்கு 22. ஆகவே இளையவர் தோளில் பாரம் வைப்பது அவர்களுக்குப் புதிதல்ல. அந்தப் பாரம் எத்தகையது? ஜோசப் ஸ்மித்தின் தந்தைக்கு 1829இல் அருளப்பட்டதாக அவர்கள் நம்பும் சிறு பகுதி ஒன்றை ஊழியக்காரர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். முழு மனதோடும் பலத்தோடும் ஊழியம் செய்தவர் கடைசி நாளில் குற்றமற்றவராக நிற்பார் என்பது அதன் சாரம். மார்மன் புஸ்தகத்தில் யாக்கோபு என்னும் போதகர் இன்னும் கடுமையாகப் பேசுகிறார். கருத்தோடு போதிக்காமல் விட்டால் மக்களின் பாவம் போதகர் தலையில் விழும் என்பது அவர் பயம்.

பத்தொன்பது வயதுப் பிள்ளை இதை அப்படியே நம்பினால் என்ன ஆகும்? தட்டிய கதவெல்லாம் மூடும் நாளில் அவன் ஊரைக் குறை சொல்ல மாட்டான், தன்னைத்தான் கேட்டுக்கொள்வான். காலையில் பத்து நிமிடம் அதிகம் தூங்கினேனே, அதனாலா? துணையோடு சண்டை போட்டேனே, அதனாலா? எனக்குத் தகுதி போதவில்லையா? வாரந்தோறும் எத்தனை பேரைச் சந்தித்தான், எத்தனை பேர் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்தார்கள் என்று கணக்கும் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கைத் தன் பக்தியின் மதிப்பெண்ணாக எடுத்துக்கொள்ளும் பிள்ளைகளுக்காகவே என் மனம் கனக்கிறது.

நம் சென்னைக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. ரிச்சர்ட் பாலன்டைன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், சால்ட் லேக் பள்ளத்தாக்கில் 1849இல் முதல் ஞாயிறு பள்ளியைத் தொடங்கியவர். மனைவி மக்களை விட்டுவிட்டு சான் ஃபிரான்சிஸ்கோவில் கப்பலேறி, கல்கத்தா வழியாக 1853இல் மதராஸ் வந்து சேர்ந்தார். இங்கே ஒரு பத்திரிகைகூட அச்சிட்டார். சபையில் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. உடம்பு கெட்டு அடுத்த ஆண்டே கிளம்ப வேண்டியதாயிற்று. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் தோல்விதான். ஆனால் ஊர் திரும்பும் வழியில், 1855இல், குடியேற வந்த ஒரு பெருங்கூட்டத்தைச் சமவெளி தாண்டி சால்ட் லேக்குக்குப் பத்திரமாக அழைத்துச்சென்றவர் அவரே. மதராஸில் ஆள் சேராததற்காக யாரும் அவரைத் தள்ளிவைக்கவில்லை.

இன்று ஊழியம் முடித்து வரும் பிள்ளையை விமான நிலையத்தில் பலூனும் பதாகையுமாக வரவேற்கிறார்கள். உடல்நலமோ மனநலமோ இடம்கொடுக்காமல் பாதியில் திரும்பும் பிள்ளைக்குப் பல நேரம் அந்த வரவேற்பு கிடைப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை சபைக் கூடத்தில் "ஏன் சீக்கிரம் வந்துவிட்டாய்?" என்ற கேள்வி கண்களிலேயே இருக்கும். இப்படிப்பட்டவர்கள் வீட்டிலிருந்தபடியே சமூகப் பணி செய்து ஊழியத்தை நிறைவு செய்ய அண்மைக் காலத்தில் சபை வழி செய்திருக்கிறது. நல்ல ஏற்பாடு. இளையவரை நம்பிப் பொறுப்பைக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உழைப்புக்கு அவர்களைப் பொறுப்பாக்கலாம். இன்னொருவர் மனம் மாறுவதற்கும் மாறாததற்கும் அவர்களைப் பொறுப்பாக்குவது அநீதி.

உங்கள் வீட்டிலும் அந்த வயதுப் பிள்ளைகள் இருப்பார்கள். ஊழியமோ படிப்போ வேலையோ, எதற்காகவோ வெளியூர் போயிருப்பார்கள். எடுத்த காரியம் பாதியில் நின்று அவர்களில் ஒருவர் பெட்டியோடு வாசலில் வந்து நின்றால், காரணம் கேட்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சாப்பிடச் சொல்லுங்கள். அப்படி வந்து நின்ற அனுபவமோ, வரவேற்ற அனுபவமோ உங்களுக்கு இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழின் வாசகர் பக்கங்களை அந்தக் கடிதங்களுக்காகவே ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்