தர்மபுரி ஆஸ்பத்திரி செய்யக்கூடிய வேலை

சர்க்கார் 2024-ஆம் வருஷம் சென்னை எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரியில் செயற்கைக் கருத்தரிப்பு நிலையம் ஒன்றைத் திறந்ததை நாம் மனமார வரவேற்கிறோம். தனியாரிடம் லக்ஷக்கணக்கில் செலவாகும் சிகிச்சை ஏழைகளுக்கும் எட்டவேண்டும் என்பதை யாரும் மறுக்கார். ஆனால் பாப்பிரெட்டிப்பட்டியில் வசிக்கும் ஒரு ஸ்திரீ பொம்மிடியில் ரயிலேறி எத்தனை முறை எழும்பூருக்குப் போய்வர முடியும் என்பதை அதிகாரிகள் யோசித்தார்களா?

முக்கியமாக, முதற் சிகிச்சையில் அவஸ்தைப்பட்டவர்களை எண்ணியே இதைச் சொல்லுகிறோம். சினைமுட்டைகள் பலவற்றை ஒருங்கே முதிரச் செய்ய ஊசி போடுகிறார்கள். சிலருக்கு அதனால் சினைப்பைகள் அளவுமீறி வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, மூச்சுத் திணறும். அந்நிலையில் கர்ப்பமும் உண்டானால் உபாதை அதிகரிக்கும். ஆகையால் விவேகமுள்ள வைத்தியர் அம்மாதம் கருவை உள்ளே வைப்பதில்லை. திரவ நைட்ரஜனில் உறையவைத்து, உடல் தேறியபின் வேறொரு மாதத்தில் வைக்கிறார். காலதாமதமாயிற்றே என்று உறவினர் முணுமுணுப்பது அறியாமை.

இம்முறை அன்னியர் இட்ட பிச்சையன்று. கல்கத்தா டாக்டர் சுபாஷ் முகோபாத்யாயர் கருவை 53 நாள் உறையவைத்து, பின்னொரு மாதத்தில் தாயின் கருப்பையில் வைத்தார். 1978 அக்டோபர் 3-ந் தேதி பெண் குழந்தை பிறந்தது. உலகின் முதற் சோதனைக்குழாய்க் குழந்தை இங்கிலாந்தில் பிறந்து அன்றைக்கு 70 நாட்களே ஆகியிருந்தன. மேற்கு வங்காள சர்க்கார் நியமித்த கமிட்டியோ அவரை நம்ப மறுத்தது. 1981-இல் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்தியாவில் முதன்முதல் வெற்றி கண்டவரென்று அதுவரை கொண்டாடப்பட்ட விஞ்ஞானி டி. ஸி. ஆனந்தகுமார், 1997-இல் முகோபாத்யாயரின் குறிப்புகளைப் பரிசீலித்து, அப்பெருமை அவருக்கே உரியதென்று பகிரங்கமாகச் சொன்னார்.

நிற்க. கருவை வைப்பதற்கு ஆயத்தம் யாது? மாதவிடாய் தொடங்கிய இரண்டு மூன்று நாளில் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை ஆரம்பித்து, சுமார் இரண்டு வாரத்தில் ஸ்கேன் எடுத்து, கருப்பையின் உட்சவ்வு ஏறக்குறைய 7 மில்லிமீட்டராவது தடித்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு புரோஜெஸ்டிரோன். ஐந்து நாள் வளர்ந்த கருவானால், அம்மருந்து தொடங்கிய ஆறாம் நாள் வைப்பது வழக்கம். மாதவிடாய் ஒழுங்காக வருவோருக்கு மருந்தைக் குறைத்து, இயற்கையான சுழற்சியையே அனுசரிக்கலாம்.

இவற்றில் எதற்கு எழும்பூர் வேண்டும்? உறைந்த கருவை எடுத்து வைக்கும் ஒரு நாளைக்கே ஆய்வுக்கூடம் தேவை. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் தர்மபுரி மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே நடக்கலாம். எழும்பூர் டாக்டர்கள் முறையை எழுதியனுப்பட்டும். தர்மபுரி டாக்டர்கள் அளவுகளைப் பார்த்துத் தெரிவிக்கட்டும். சுகாதார மந்திரியின் உத்தரவு ஒன்று போதும். புதுக் கட்டடம் வேண்டியதில்லை.

இதற்கு முதற் சிகிச்சையின் விவரம் கையில் இருந்தாகவேண்டும். எந்த ஊசி, என்ன அளவு, எத்தனை முட்டை, எவ்வளவு நீர் கோத்தது என்பவை தெரியாத வைத்தியர் இருட்டில் நடப்பவரே. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் குறிப்புகளைக் கொடுக்கவேண்டும் என்பது 2002-ஆம் வருஷத்து மருத்துவ ஒழுக்க விதி. தயங்காமல் எழுதிக் கேட்கவேண்டும். நம் பத்திரிகையைப் படிக்கும் கணவன்மார்களே இதைச் செய்யலாம். கூடவே தங்களையும் பரிசோதித்துக்கொள்ளலாம். பிள்ளையின்மைக்கு ஏறத்தாழப் பாதி இடங்களில் ஆண்பாலின் குறையும் சேர்ந்திருக்கிறது. கரு வைத்தபின் மனைவியைப் படுக்கையிலேயே கிடத்துவதால் பலனில்லையென்று ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டார் அவளைக் குடைந்து கேட்காதிருந்தால், அது உபகாரம்.