பிடி போனால் வாளும் போகவேண்டுமா?

தமிழில் 'வாள்' என்ற ஒரே சொல் போர்க்கருவியையும் குறிக்கும், தச்சுக்கருவியையும் குறிக்கும். மரம் அறுப்பதை ஈர்வாள் என்றார்கள். இன்று நாம் ரம்பம் என்கிறோம். முதல் வகை வாளைக் காணச் செங்கத்து மாணவர்கள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. சவ்வாது மலையின் அடிவாரத்தில், செய்யாற்றங்கரையில் அமைந்த இவ்வூரைச் சுற்றிலும் பல்லவர் காலத்து நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத் துறை 1972-இல் 'செங்கம் நடுகற்கள்' என்று ஒரு நூலே வெளியிட்டது. ஆநிரைப் போரில் மாண்ட வீரர்கள் அக்கற்களில் வில்லும் வாளும் ஏந்தி நிற்கிறார்கள். கல்லில் செதுக்கிய வாள் இன்றும் இருக்கிறது. கையில் பிடித்த உண்மையான வாளின் இரும்பைத் துரு தின்றிருக்கும். அதன் பிடி மரமாக இருந்திருந்தால், இரும்புக்கும் முன்பே அது மட்கிப் போயிருக்கும்.

பிடி முந்திக்கொள்வது இயல்புதான். நான் சொல்ல வருவது இரண்டாம் வகை வாளைப் பற்றி. உங்கள் வீட்டுப் பரணிலோ மாட்டுக்கொட்டகையிலோ தேடிப் பாருங்கள். கைப்பிடி உடைந்த பழைய ரம்பம் ஒன்று அகப்படக்கூடும். தகடு நன்றாகவே இருக்கும். ஆனால் பிடி போய்விட்டதால் அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறோம். இது தவறு என்பது என் கருத்து. ஒரு மரத்துண்டும் சில மாலை நேரங்களும் இருந்தால் ஒன்பதாம் வகுப்பு மாணவனோ மாணவியோ அந்தப் பிடியைப் புதிதாகச் செய்துவிடலாம். செய்யும்போது இயற்பியலும் தாவரவியலும் வேதியியலும் கைக்குள் வந்து சேரும்.

முதலில், பிடி ஏன் உடைகிறது? விறகு பிளந்து பார்த்தவர்களுக்கு விடை பாதி தெரியும். நீளவாட்டில் ஒரே போடில் பிளக்கும் கட்டையைக் குறுக்கே வெட்டப் பத்துப் போடு போடவேண்டியிருக்கிறது. மரம் என்பது நீண்ட இழைகளின் கட்டு. இழைக்கு வலிமை தருவது செல்லுலோஸ். இழைகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பதில் லிக்னினுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒட்டு, இழையைப் போல வலுவானதல்ல. இழைக்குக் குறுக்காக இழுத்தால் மரத்தின் வலிமை, நீளவாட்டு வலிமையில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை.

இப்போது ரம்பத்தின் பிடியைப் பாருங்கள். தகட்டைக் கவ்வும் அகன்ற முன்பகுதி. உள்ளங்கை பற்றும் தண்டு. இரண்டையும் இணைக்கும் ஒடுங்கிய பாலங்கள். கை நழுவாமலிருக்க மேலும் கீழும் நீண்ட இரு கொம்புகள். ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு திசையில் போகிறது. மரத்தின் இழையோ ஒரே திசையில்தான் ஓடும். ஆகவே பலகையை எப்படித் திருப்பி வைத்து வரைந்தாலும் எங்கேனும் ஓரிடத்தில் இழை குறுக்கே அறுபடும். மிகவும் ஒடுங்கி, மிகுந்த விசையைத் தாங்கும் இடத்தில் இழை நீளமாக ஓடும்படி பார்த்துக்கொண்டு, மற்ற இடத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதே வழி. விட்டுக்கொடுக்கப்படுவது பெரும்பாலும் கொம்புதான். பழைய ரம்பங்களில் மேல்கொம்பு முறிந்திருப்பதை அடிக்கடி காண்பதற்கு இதுவே காரணம். உடைந்த பிடியைத் தூக்கி எறியாதீர்கள். அதைச் செய்தவர் இழையை எப்படித் திருப்பினார் என்பது அந்த உடைசலிலேயே இருக்கிறது.

எந்த மரத்தில் செய்வது? 1840-இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஹென்றி டிஸ்டன் தொடங்கிய புகழ்பெற்ற ரம்பத் தொழிற்சாலை, உயர்ந்த ரகங்களுக்கு ஆப்பிள் மரத்தையும் மற்றவற்றுக்குப் பீச் மரத்தையும் பயன்படுத்தியது. நமக்கு ஆப்பிள் மரம் தேவையில்லை. இந்திய மரங்கள் எதற்கெது பொருந்தும் என்று டேராடூனில் 1906-இல் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலமாகச் சோதித்து வந்திருக்கிறது. கருவிகளின் மரப்பிடிகளுக்கென்றே ஐ.எஸ். 620 என்ற இந்தியத் தரநிலையும் உண்டு. சாதாரணப் பிடிக்கு இவ்வளவு அக்கறையா என்று சிரிக்கவேண்டாம். கோடரித் தலை கழன்று பறந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப்பாருங்கள்.

மலை அருகில் இருக்கிறதே என்று காட்டுக்குள் அரிவாளோடு கிளம்பிவிடாதீர்கள். காப்புக்காட்டில் மரம் வெட்டுவது சட்டப்படி குற்றம். பச்சை மரம் பிடிக்கு உதவவும் உதவாது. புதிதாக வெட்டிய மரத்தில், உலர்ந்த கட்டையின் எடையில் பாதிக்கு மேலும் நீர் இருக்கலாம். அது வற்றும்போது மரம் சுருங்கும். எல்லாத் திசையிலும் ஒரே அளவாகச் சுருங்காது. நீளவாட்டில் சுருக்கம் மிகச் சொற்பம். ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் ஏற்படும் சுருக்கம், மையத்தை நோக்கிய திசையில் ஏற்படுவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. இதனால்தான் பச்சைப் பலகை கோணிக்கொள்கிறது, வெடிக்கிறது.

நன்கு உலர்ந்த மரம் ஊருக்குள்ளேயே கிடக்கிறது. மாட்டுவண்டிகள் குறைந்துவிட்ட இக்காலத்தில் பழைய சக்கரங்களைப் பார்த்திருப்பீர்கள். குடமும் ஆரமும் வட்டையுமாக இருந்த அவற்றுக்குக் கருவேல மரத்தையே பெரிதும் நம்பினார்கள். அதிர்ச்சியைத் தாங்குவதில் அது பெயர் பெற்றது. பல ஆண்டு வெயிலும் மழையும் கண்டு பதப்பட்ட வட்டைத் துண்டு ஒன்று போதிய அகலத்தில் கிடைத்தால் அதைவிடச் சிறந்த பிடி மரம் வேண்டியதில்லை. பழைய நிலைப்படி, உடைந்த உலக்கை செய்த அதே புளியங்கட்டை, தோட்டத்தில் பட்டுப்போன கொய்யா, வாகை ஆகியவையும் உதவும். வேங்கை அழகான மரம். ஆனால் ஈரக்கையில் மஞ்சள் கறை ஏற்றும்.

என் விருப்பத்தைக் கேட்டால் வேலிக்காத்தான் என்பேன். ஆம், சீமைக்கருவேலம்தான்! எல்லாரும் திட்டும் மரம். 2022-இல் தமிழக அரசு அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. வெட்டப்படும் வேலிக்காத்தான் விறகாகவும் கரியாகவும் போகிறது. நீண்ட நேரான பலகை அதில் கிடைக்காது. பிடிக்கு வேண்டியதோ ஒரு சாண் துண்டு. கட்டை கடினமானது, காய்ந்தபின் அதிகம் நெளியாதது. வெளிப்புற வெளிறை நீக்கி, வைரம் பாய்ந்த உட்பகுதியை மட்டும் எடுக்கவேண்டும். வெளிறில் புழு விழும். நுனிகளில் மெழுகு தடவி, நிழலில் ஓராண்டு கிடத்தவேண்டும். பொறுமை இல்லாதவர்கள் வட்டைத் துண்டையே தேடட்டும்.

அடுத்தது வடிவம். ஜப்பானியரின் ரம்பத்துக்குப் பிடி ஒரு நேரான தடி, பிரம்பு சுற்றியிருப்பார்கள். நமது கடைகளில் விற்கும் ஆங்கிலேய வகை ரம்பத்துக்கோ இந்த வளைந்த, துளையுள்ள பிடி. ஏன்? ஜப்பானிய ரம்பம் இழுக்கும்போது அறுக்கிறது. நம்முடையது தள்ளும்போது அறுக்கிறது. மெல்லிய தகட்டை இழுத்தால் அது விறைத்து நேராகும்; தள்ளினால் வளையும். ஒல்லியான கம்பம் அழுத்தத்தில் எப்போது வளையும் என்பதற்கு ஆய்லர் என்ற கணித மேதை 1744-இலேயே சூத்திரம் தந்தார். ஆகவே தள்ளும் ரம்பத்தின் தகடு தடித்ததாக, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியதாக இருக்கிறது. இழுக்கும் ரம்பத்துக்கு அதில் பாதியே போதும். இழுக்கத் தடியைப் பற்றினால் போதும். தள்ளுவதற்கு உள்ளங்கை முழுவதும் பின்னாலிருந்து தாங்கவேண்டும்.

அந்தத் தண்டு எந்தச் சாய்வில் நிற்கிறது என்பதே பிடியின் உயிர். முன்கை தள்ளும் திசைக்கும் பல்வரிசைக்கும் இடையே உள்ள கோணம் 20 பாகை என்று கொள்வோம். 50 நியூட்டன் விசையில் ஏறக்குறைய 47 நியூட்டன் ரம்பத்தை முன்னே தள்ளும். 17 நியூட்டன் பற்களை மரத்தில் அழுத்தும். கோணம் 40 பாகையானால் முன்னே தள்ளுவது 38 ஆகக் குறைந்து, அழுத்துவது 32 ஆக உயர்கிறது. பற்கள் ஆழக் கடித்துச் சிக்கிக்கொள்ளும், மணிக்கட்டு வலிக்கும். விசையைக் கூறுகளாகப் பிரிக்கும் கணக்கை வகுப்பில் சாய்தளத்தோடு மறந்துவிடுகிறோம். சாய்வு தவறிய பிடி அதை ஐந்து நிமிடத்தில் ஞாபகப்படுத்தும். ஆகவே பழைய பிடியைத் தாளில் வைத்து, உடைந்த துண்டுகளைப் பொருத்தி, கோட்டுருவம் எடுத்துக்கொள்ளுங்கள். அழகுக்காகச் சாய்வை மாற்றவேண்டாம்.

பிடியின் துளை சிறிதாக இருக்கிறதே என்றும் பெரிதாக்காதீர்கள். அதில் நுழையவேண்டியவை மூன்று விரல்களே. சுட்டுவிரல் வெளியே தகட்டின் பக்கமாக நீண்டு நிற்கும். சுட்டிக்காட்டும் விரலின் திசையில் ரம்பமும் போகும். தண்டின் குறுக்குவெட்டு வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கட்டும். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தாலும் பற்கள் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியும்.

வேலையில் வரிசை முக்கியம். சுமார் 22 மில்லிமீட்டர் தடிப்புள்ள துண்டில் உருவத்தை வரைந்ததும் வளைவுகளை அறுக்கத் துடிப்பீர்கள். கூடாது. துண்டு சதுரமாக இருக்கும்போதே தகடு நுழையும் பிளவை அறுத்து, தகட்டைச் செருகி, அதிலுள்ள துளைகளைப் பார்த்துக் குறித்து, போல்ட்டுக்கான துளைகளைப் போட்டுவிடவேண்டும். வளைந்தபின் அதை வைஸில் நேராகப் பிடிக்கவும் முடியாது, செங்குத்தாகத் துளையிடவும் முடியாது. துளையை இரு பக்கமிருந்தும் பாதிப்பாதியாகப் போட்டால் மரம் சிதறாது. பிறகு வில் ரம்பமும், அரைவட்ட மர அரமும், உப்புத்தாளும். மரத்தூள் மூக்கில் ஏறாமல் துணி கட்டிக்கொள்ளுங்கள். ரம்பத்தின் பற்கள் மீது பிளந்த ரப்பர்க் குழாயை மாட்டிவையுங்கள்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. ஒரு தச்சர் இதைச் செய்ய அரைநாள் செலவிட்டால், அந்தக் கூலியில் புது ரம்பமே வாங்கிவிடலாம். பிளாஸ்டிக் பிடி நனையாது, பிளக்காது, மலிவு. உண்மைதான். தொழில் செய்பவர் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மாணவரின் மாலை நேரத்துக்குக் கூலிக் கணக்கு கிடையாது. மேலும், அந்த மலிவான ரம்பத்தைக் கவனியுங்கள். பல் நுனிகள் நீலம் பாய்ந்து கறுத்திருந்தால், அவை மின்தூண்டலால் சூடாக்கிக் கடினப்படுத்தப்பட்டவை. அரம் அவற்றில் வழுக்கும். மழுங்கியபின் தீட்ட இயலாது. பிடியும் தகட்டோடு சேர்த்து வார்க்கப்பட்டிருக்கும். அந்த வகைக்குப் பிடி செய்வது வீண். விரிசல் விட்ட தகடும், பல்லருகே துரு ஆழமாக அரித்த தகடும் அப்படியே. தகட்டை மெதுவாக வளைத்து விட்டால் நேராகத் திரும்பவேண்டும். தட்டினால் கணீரென்று ஒலிக்கவேண்டும். அப்படிப்பட்ட தகட்டை எடைக்குப் போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

பழுதுபார்க்கும் உரிமை பற்றி இன்று உலகெங்கும் பேச்சு. நம் மத்திய அரசும் 2022 டிசம்பரில் அதற்கென ஓர் இணையதளம் தொடங்கியது. கைப்பேசி, டிராக்டர் வரை அதில் பேச்சு உண்டு. நல்லதே. ஆனால் திருகைக் கழற்றத் தெரியாதவனுக்கு உரிமை இருந்து என்ன பயன்? 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழில் வழிக் கல்வியை முன்வைத்தார். பின்னர் பள்ளிகளில் கைத்தொழில் வகுப்புகள் வந்தன. பல இடங்களில் அந்த மணிநேரத்தைக் கணக்கும் ஆங்கிலமும் தின்றுவிட்டன. ஒரு பள்ளிக்குப் பத்துப் பழைய ரம்பங்கள் சேர்ந்தால் போதும், ஓர் ஆண்டின் அறிவியல் மன்ற வேலைக்கு அது தாராளம். ஊரில் உள்ள தச்சரை ஒருநாள் அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டால், புத்தகத்தில் இல்லாத பத்து விஷயமாவது சொல்வார்.

இனி எண்ணெய். தேங்காயெண்ணெய் வேண்டாம். அதன் கொழுப்பமிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றவை. ஆக்சிஜனோடு சேராது, பிசுபிசுப்பாகவே கிடக்கும். ஆளிவிதை எண்ணெயில் இரட்டைப் பிணைப்புகள் மிகுதி. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பின்னிக்கொண்டு கெட்டியான படலமாகும். மெல்லியதாகத் தேய்த்து, துடைத்து, நாள்விட்டு நாள் மூன்றுமுறை பூசவேண்டும். இந்த வினையில் வெப்பம் வெளிப்படும் என்பதை மறக்கக்கூடாது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் அது தானாகவே தீப்பிடிக்கலாம். வெளியில் விரித்துக் காயப்போடுங்கள்.

செங்கத்துச் சித்திரை வெயிலில் மரம் வற்றி, பிடியின் தடிப்பு கால் மில்லிமீட்டர் அளவு குறையக்கூடும். அப்போது தகடு பிடிக்குள் ஆடும். 5 மில்லிமீட்டர் போல்ட்டின் மரையில் ஒரு முழுச்சுற்று 0.8 மில்லிமீட்டர் நகரும். ஆகவே மூன்றில் ஒரு சுற்று முடுக்கினால் சரியாகிவிடும். ஐப்பசி மழை தொடங்குமுன் அதே அளவு தளர்த்த மறக்கவேண்டாம்.